கயிறு பிடித்த ஊர்

அரசன் பிள்ளையில்லாமல் இறந்துபோனால், பட்டத்து யானையின் துதிக்கையில் ஒரு மாலையைக் கொடுத்துத் தெருவில் விட்டுவிடுகிற காலம் ஒன்று இருந்தது. யானை யார் கழுத்தில் போடுகிறதோ அவனே அடுத்த அரசன். கேட்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள்ளுங்கள். யானை தேர்ந்தெடுத்த அரசர்களில் பாதிப் பேராவது நல்லவர்களாக இருந்தார்கள் என்று கேள்வி. மனிதர்கள் தேர்ந்தெடுத்ததில் அந்தப் பாதி தேறுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்படி மாலை விழுந்த ஒருவனின் கதை இது. அவன் பெயர் ஆழியான். இந்தப் பெயரை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகரமே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது.

ஆழியான் பிறந்தது வெண்சங்குத்துறை என்ற கடற்கரையில். சங்கு குளிப்பது அவன் தொழில். மூச்சை அடக்கிக் கடலுக்கு அடியில் போய், மணலைத் துழாவிச் சங்கு எடுத்து வருவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தோணியிலிருந்து இறங்குவான். கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில் இருக்கும். கீழே மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால், மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் ஆள் போய்விடுவான்.

அதனால் அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுக்க மாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். அண்ணன் தம்பி என்றால் பங்காளி. மனத்தில் என்ன இருக்குமோ! மைத்துனன் அப்படியா? கயிற்றின் நுனியில் தொங்குவது அவன் அக்காள் தாலியல்லவா! ஆழியானின் மனைவி பெயர் நாச்சி. நாச்சியின் தம்பி சாத்தன்தான் ஆழியானுக்குக் கயிறு பிடித்தான். அவன் கயிறு பிடிக்கும்போது தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வான் என்று துறையில் கேலி பேசுவார்கள்.

இனி, அந்தத் துறையின் வழிபாட்டைச் சொல்கிறேன்.

கடலுக்குள் போனவன் தனக்காகக் கும்பிட முடியாது. வாயைத் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். ஆகவே அவனுக்காக மேலே இருப்பவன் கேட்க வேண்டும். “கடலம்மா, ஆழியானைக் கொடு. கடலம்மா, ஆழியானைக் கொடு” என்று, தலை நீருக்கு மேல் தெரிகிற வரைக்கும் சாத்தன் வாய் ஓயாது.

கரையில் பெண்கள் கணுக்கால் நனைய நிற்பார்கள். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று பயம். பெயரைச் சொல்லிக் கேட்காவிட்டாலோ, யாரைத் திருப்பித் தருவது என்று கடலம்மாவுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்பவள் சொல்வாள். நாச்சிக்காக அடுத்த வீட்டு முத்தாயி, “ஆழியானைக் கொடு” என்பாள். முத்தாயிக்காக நாச்சி, “குமரனைக் கொடு” என்பாள். அந்தத் துறையில் தனியாக ஒருத்தி நின்றால் வழிபாடே நடக்காது.

கடலில் யாரும் இல்லாதவர்களும் வந்து நிற்பார்கள். கணவனைக் கடலுக்கே கொடுத்துவிட்டவளும் வருவாள். ‘உனக்குக் கடல்ல யாரு இருக்கா?’ என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒருத்தி இருமுவாள், இடுப்பில் இருக்கிற பிள்ளை வீறிடும், நாய் ஒன்று அலையைப் பார்த்துக் குரைக்கும். அத்தனைக்கும் நடுவே பெயர் பெயராகக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு நாள் ஆழியானும் நாச்சியும் கோயிலுக்குச் சங்கு கொடுப்பதற்காக மருதங்கோட்டைக்குப் போனார்கள். அதுதான் அந்த நாட்டின் தலைநகரம். அன்றைக்குப் பார்த்து யானை மாலையோடு வந்துகொண்டிருந்தது. தெருவில் பட்டுடுத்தியவர்கள் இருந்தார்கள், படித்தவர்கள் இருந்தார்கள், யானைக்குக் கரும்போடு காத்திருந்தவர்களும் இருந்தார்கள். யானை கரும்பை வாங்கித் தின்றுவிட்டு, மாலையை ஆழியான் கழுத்தில் போட்டது.

யானை போட்ட மாலையைக் கழற்றக் கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். செய்தி கேட்டுச் சாத்தன் ஓடி வந்தான். அரண்மனைக்கு வந்து தன்னோடு இருக்கும்படி ஆழியான் அவனைக் கெஞ்சினான்.

“நான் இங்க எதுக்கு மச்சான்? தரையில யாரு மூழ்கப் போறா?” என்றான் சாத்தன். “அங்க சித்தப்பன் மகன் கடல்ல இறங்கறான். அவனுக்குப் பொண்டாட்டி கூடப் பொறந்தவன் இல்ல. அவன் கயித்த யாரு பிடிப்பா?”

போகும்போது, தான் பிடித்த அந்தத் தென்னைநார்க் கயிற்றைச் சுருட்டி அக்காள் கையில் கொடுத்தான். “வச்சுக்க அக்கா. நான் இருக்கேன்னு நினைச்சுக்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். நாச்சி அதைப் பட்டுச் சேலைகளோடு பெட்டியில் வைத்துக்கொண்டாள். சேலைகளில் எல்லாம் உப்பு வாடை ஏறியது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

முடிசூட்டிய அன்றோடு ஆழியான் என்ற பெயர் போயிற்று. அரசன் பெயரைச் சொல்வது மரியாதைக் குறைவு அல்லவா? அமைச்சர் ‘மன்னர் பெருமானே’ என்றார். சேவகர்கள் ‘மகாராஜா’ என்றார்கள். நாச்சியோ முன்பிருந்தே ‘என்னங்க’தான். பிறந்ததிலிருந்து கூடவே வந்த பெயர், கழற்றிப் போட்ட பழைய வேட்டி மாதிரி எங்கேயோ கிடந்தது.

அரசாட்சி அவனுக்குக் கஷ்டமாக இல்லை. நியாயம் தெரிந்தவன், பசி தெரிந்தவன். ஆனால் ஒரு காரியம் மட்டும் அவனால் முடியவில்லை. அவனால் கும்பிட முடியவில்லை.

அரண்மனைக்குள்ளேயே ஒரு கோயில் இருந்தது. பொன் கதவு, வெள்ளி விளக்கு, காலுக்குக் கம்பளம். காலையில் அவன் மட்டும் உள்ளே போவான். வேறு யாரும் வரக் கூடாது. கையைக் கூப்பிக் கண்ணை மூடுவான். வாயைத் திறந்தால் சொல்வதற்குப் பெயர் வராது. இந்நேரம் கடலில் யார் இறங்கியிருக்கிறார்கள்? குமரனா, சித்தப்பன் மகனா? அவனுக்குத் தெரியாது. தனக்காகக் கேட்டுப் பழக்கமில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, கும்பிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருவான்.

வெண்சங்குத்துறையின் காலைப்பொழுது அவனுக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். அங்கே இருந்தபோது கடல் ஒன்றும் அவனுக்குச் சுகமாக இருந்ததில்லை; காது வலிக்கும், கண் எரியும். ஆனாலும் தண்ணீரைப் பிளந்து தலை வெளியே வந்ததும் காதில் விழுகிற முதல் சத்தம் அவன் பெயராக இருக்கும். அந்தச் சத்தத்துக்காக அவன் ஏங்கினான். அரசன் ஏங்குகிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு முறை துறைக்கே போய்ப் பார்த்தான். பல்லக்கும் படையும் கூடப் போயின. அரசர் வருகிறார் என்று அன்றைக்கு ஒரு தோணியும் கடலில் இறங்கவில்லை. எல்லோரும் கரையில் குனிந்து நின்றார்கள். சாத்தனும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து, “மன்னா” என்றான். ஆழியானுக்கு அழுகை வந்தது. படை பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டான். பிறகு அவன் அங்கே போகவேயில்லை.

அந்த ஏக்கத்தில்தான் ஒரு நாள் அமைச்சரைக் கூப்பிட்டான். “இந்த ஊர் மக்கள் காலையில் ஒன்று கூடிக் கும்பிட வேண்டும். நான் அதைக் கேட்க வேண்டும்” என்றான்.

“இவ்வளவுதானே, மன்னர் பெருமானே? ஆணையிட்டால் முடிந்தது” என்றார் அமைச்சர். அவர் நல்லவர்தான். எந்தக் காரியத்தையும் ஆணையால் முடித்துவிடலாம் என்று நினைக்கிற நல்லவர்.

முரசு அறைந்தார்கள். அரசர் நலமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் காலையில் அரண்மனை முற்றத்துக்கு வந்து வழிபட வேண்டும் என்று அறிவித்தார்கள். அரசர் நலம் என்பதை ஆழியான் சொல்லவில்லை, அமைச்சர் சேர்த்துக்கொண்டார். ஆழியானும் அதை மறுக்கவில்லை. பல்லக்கில் ஏறிப் பழகிய கால் நடக்க மறந்துவிடும் பாருங்கள், அந்த மாதிரி.

மக்கள் வந்தார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார்கள். அரசன் உப்பரிகையில் நின்று காதைக் கொடுத்தான். ‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்று வாழ்கிற ஊர் அது. அரசர் நலத்தை ஒரு வாய் முணுமுணுத்துவிட்டு, அவரவர் தங்கள் காரியத்தைக் கேட்டார்கள். அப்பளம் காயப் போட்டவள், “வெயில் கொடு” என்றாள். அவளுக்குப் பக்கத்திலேயே நாற்று நட்டவன், “மழை கொடு” என்றான். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்ட கடவுள் என்ன செய்வார், பாவம்!

“இது அது இல்லை” என்றான் ஆழியான்.

“இசை குறைவு, மன்னர் பெருமானே” என்று அமைச்சர் ஒரு பாட்டு வாத்தியாரை அழைத்து வந்தார். அவர் நல்ல குரல்களாகப் பார்த்துப் பொறுக்கிப் பழக்கினார். தேன் மாதிரி இருந்தது பாட்டு. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ரசித்துவிட்டுப் போனார்கள்.

“இதுவும் அது இல்லை” என்றான் ஆழியான்.

“ஒழுங்கு குறைவு” என்று அடுத்ததாகத் தளபதியை அழைத்தார் அமைச்சர். தளபதி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். பெரியவர்கள் முன்னால், சிறியவர்கள் பின்னால். ஒன்றாகக் கை உயர்ந்தது, ஒன்றாகத் தாழ்ந்தது. எல்லார் கண்ணும் தளபதியின் பிரம்பின் மேலேயே இருந்தது.

அதுவும் இல்லை என்றதும் ஒரு புலவர் வந்தார். அரசனுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்குப் பட்டங்களை அடுக்கி ஒரு வாழ்த்து எழுதிக் கொடுத்தார். ஊரே அதை நெட்டுருப் போட்டுச் சொன்னது. அதில் அலைகடல் இருந்தது, அரிமா இருந்தது, ஆயிரம் சூரியன் இருந்தது. ஆழியான் மட்டும் இல்லை.

அன்றைக்கு ஆழியான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன தேடுறீங்க?”

“நம்ம கரையில இருந்தது இங்க இல்ல நாச்சி.”

“கரையில நின்னா எல்லாருக்கும் கால் நனையும்” என்றாள் அவள். “இங்க யாருக்கு நனையுது? உங்களுக்கு நனையுதா?”

முற்றத்து வழிபாடு மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது, உப்பில்லாத கஞ்சி மாதிரி.

அந்த ஆண்டு ஐப்பசி மழை வானம் பொத்துக்கொண்ட மாதிரி கொட்டியது. மருதங்கோட்டையின் மேற்கே ஒரு பெரிய ஏரி. ஊருக்குச் சோறு போடுவது அதுதான். ஊரைவிட உயரத்தில் இருந்த அதன் கரை உடைந்தால், கோட்டையும் தெருவும் தொட்டிலும் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சிய நீரை வெளியேற்றுகிற கலிங்கு வழிந்தும் வெள்ளம் குறையவில்லை. விடிந்தபோது தண்ணீர் கரையின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஏரிக்குள்ளே, தண்ணீருக்கு அடியில், கல்லால் கட்டிய மடை ஒன்று உண்டு. அதன் வாயை ஒரு கல் அடைத்திருக்கும். வெள்ளம் மிஞ்சினால் ஒருவன் மூழ்கிப் போய் அந்தக் கல்லைப் புரட்ட வேண்டும். புரட்டியதும் தண்ணீர் பாய்கிற வேகம் ஆளையும் சேர்த்து மடைக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த வேலையைச் செய்கிற குடும்பம் ஊரில் ஒன்றே ஒன்று. அந்த வீட்டுப் பூதன் விடிவதற்கு முன்பே இறங்கிவிட்டான். கல் அசையவில்லை, அவன் கைதான் அதில் நசுங்கிற்று. குற்றுயிராக மேலே வந்து கிடந்தான்.

கரையில் ஊரே கூடியிருந்தது. தளபதிக்கு நீந்தத் தெரியும், மூழ்கத் தெரியாது. மற்றவர்களுக்கு நீந்தவும் தெரியாது. மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போகத் தெரிந்தவன் அந்த ஊரில் இன்னும் ஒருவன்தான் இருந்தான்.

ஆழியான் பல்லக்கை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்து பூதன் பக்கத்தில் உட்கார்ந்தான். “கல்லு எந்தப் பக்கம் புரளும்?” என்று கேட்டான்.

“கிழக்கால தள்ளணும் சாமி. தள்ளினதும் ஒதுங்கிடணும். ஒதுங்க நேரம் இருக்காது” என்றான் பூதன்.

அமைச்சர் குறுக்கே விழுந்து தடுத்தார். அரசர் இறங்கக் கூடாது, சாத்திரத்தில் இடமில்லை என்றார். “ஏரி சாத்திரம் படிச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டு ஆழியான் மேலாடையைக் கழற்றினான். அரண்மனைப் பேச்சு அவன் வாயை விட்டுப் போய்விட்டது.

அதற்குள் நாச்சி வந்துவிட்டாள். அவள் கையில் அந்தத் தென்னைநார்க் கயிறு. அவன் இடுப்பில் அவளே முடிச்சுப் போட்டாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். இங்கே சாத்தன் இல்லையே! யார் கையில் கொடுப்பது?

ஆழியானும் பார்த்தான். இத்தனை நாள் உப்பரிகையிலிருந்து தலைகளாகப் பார்த்தவர்களை அன்றைக்குத்தான் முகங்களாகப் பார்த்தான். ஆணையிட வாய் வரவில்லை.

“எனக்குக் கயிறு பிடிக்கிறவன் எங்க ஊர்ல இருக்கான்” என்றான். “நீங்க பிடிப்பீங்களா?”

அரசர் தங்களிடம் ஒன்றைக் கேட்டு அவர்கள் பார்த்ததில்லை, ஆணையிட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் நாற்று நட்டவன் முன்னால் வந்தான். அவன் வயலெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

“இங்க குடுங்க அக்கா” என்றான். மகாராணி என்று சொல்ல அவனுக்கு மறந்துவிட்டது.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. “என்கிட்டயும் குடுங்க அக்கா” என்று அடுத்தவன் வந்தான். பிறகு அப்பளக்காரி, அவளுக்குப் பின்னால் பாட்டு வாத்தியார், தளபதி, புலவர், கடைசியில் அமைச்சர். தேர் வடம் இழுத்துப் பழகிய ஊர். கயிறு பிடிப்பது எப்படி என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை வரிசையில் பெரியவர் சிறியவர் என்று யாரும் பார்க்கவில்லை.

ஆழியான் மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

சேற்றுத் தண்ணீரில் கண் தெரியவில்லை. கையால் துழாவிக் கல்லைக் கண்டுபிடித்தான். தோளைக் கொடுத்துக் கிழக்கே தள்ளினான். கல் அசையவில்லை. நெஞ்சு அடைத்தது. கடலில் இறங்கி எத்தனை காலம் ஆயிற்று! பழைய மூச்சு அவனிடம் இல்லை. மேலே போய்விடலாம், சுண்டினால் இழுப்பார்கள் என்று கயிற்றில் கையை வைத்தான்.

கயிறு அதிர்ந்துகொண்டிருந்தது.

யாரும் அதை இழுக்கவில்லை. ஆனாலும் விட்டு விட்டு அதிர்ந்தது, பேசுகிறவன் நெஞ்சில் கையை வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. அவனுக்கு அந்த அதிர்வு தெரியும். வெண்சங்குத்துறையில் எத்தனையோ காலைகளில், சாத்தன் வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தபோது, கயிற்றின் வழியாக அவன் இடுப்புக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது வந்தது ஒருவன் குரலின் அதிர்வு இல்லை. அவன் கயிற்றிலிருந்து கையை எடுத்தான். மறுபடியும் தோளைக் கொடுத்தான். கல் புரண்டது.

மேலே என்ன நடந்தது என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவன் தலை மறைந்ததும் நாச்சி கத்தினாள்: “கயிறு பிடிச்சவங்க வாய் சும்மா இருக்கக் கூடாது. எங்க ஊர்ல அப்படித்தான். பேரைச் சொல்லிக் கேளுங்க. கொடுன்னு கேளுங்க!”

புலவர் தன் வாழ்த்தை எடுத்தார். “அலைகடல் சூழ்...” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். கீழே ஒரு மனிதன் மூச்சில்லாமல் இருக்கும்போது அத்தனை நீளமாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கும்?

“பேரு என்ன அக்கா?” என்று கேட்டான் நாற்று நட்டவன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அமைச்சரைப் பார்த்தார்கள். அவரும் விழித்தார். அத்தனை நாள் அந்த மனிதருக்காகத் தினமும் வழிபட்டிருந்தார்கள். அவர் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

நாச்சி முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதேயில்லை. முத்தாயி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். சாத்தன் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். இங்கே அவளுக்காகச் சொல்ல யாருமில்லை. சொன்னால் ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் ஆளே இல்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“ஆழியான்!” என்றாள். “அவர் பேரு ஆழியான்!”

“ஆழியானைக் கொடு” என்றான் நாற்று நட்டவன். “ஆழியானைக் கொடு” என்றாள் அப்பளக்காரி. பிறகு யார் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று பிரிக்க முடியவில்லை. ராகம் இல்லை. ஒருவர் முன்னால் சொன்னார், ஒருவர் பின்னால் சொன்னார். ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ அழுதுகொண்டே சொன்னார்கள். அந்த ஊர் அன்றைக்கு முதன்முதலாகக் கும்பிட்டது. எல்லோருடைய காலும் ஏரித் தண்ணீரில் நனைந்திருந்தது.

கயிறு சுண்டியது. அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கீழே மடை ஒரு பக்கம் இழுத்தது. மேலே ஊர் ஒரு பக்கம் இழுத்தது. நார் உரசிக் கைகளில் ரத்தம் வந்தது. விடவில்லை.

தண்ணீரைப் பிளந்துகொண்டு தலை வெளியே வந்தது. காதில் விழுந்த முதல் சத்தம் அவன் பெயர்.

கரையில் கிடந்து அவன் அழுதான். இந்த முறை அடக்கிக்கொள்ளவில்லை. வெள்ளம் மடை வழியாக இரைந்துகொண்டு போயிற்று. கரை பிழைத்தது.

“நான் பேரைச் சொல்லிட்டேங்க” என்று நாச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“நீ ஒருத்தி சொன்னாத்தான ஆயுசு குறையும்? இத்தனை பேர் சொல்லி ஏத்திட்டாங்களே” என்றான் ஆழியான்.

மறுநாள் காலை முற்றத்துக்கு ஆணை இல்லை, முரசும் இல்லை. ஆனாலும் ஊர் வந்திருந்தது. ஆழியான் உப்பரிகைக்கு ஏறவில்லை. அப்பளக்காரிக்கும் நாற்று நட்டவனுக்கும் நடுவே போய் நின்றான். என்ன சொல்வது என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“பூதனுக்குக் காய்ச்சல் இறங்கலை. அவனால கேட்க முடியாது” என்றான்.

“பூதனைக் கொடு” என்றது ஊர்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். வந்ததும் பக்கத்தில் நிற்பவரிடம், “உனக்காக யார் பேரைச் சொல்லிக் கேட்கணும்?” என்று கேட்பார்கள். பிரசவ வலியில் கிடக்கும் மகளின் பெயரைச் சொல்வாள் ஒருத்தி. தொலைதூரம் போன அண்ணன் பெயரைச் சொல்வான் இன்னொருவன். கேட்டவர் அந்தப் பெயரை எடுத்துச் சொல்ல, ஊர் சேர்ந்து சொல்லும். கேட்டதெல்லாம் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கிடைக்காத நாளும் உண்டு. அன்றைக்கு அந்த வீட்டில் அழுவதற்கு ஆள் அதிகம் இருந்தது. பூதன் பிழைத்துக்கொண்டான். ஒரு கை போனாலும் தினமும் வந்து நின்றான்.

ஆழியான் சொல்கிற பெயர் ஒன்றே ஒன்றுதான். “கடல்ல ஒருத்தன் இருக்கான். அவன் பேரு சாத்தன்” என்பான். முகம் தெரியாத அந்தச் சாத்தனுக்காக ஊர் தினமும் கேட்டது.

வருடங்கள் ஓடின. ஆழியானுக்குத் தலை நரைத்தது. ஒரு நாள் காலை, தோளில் சங்கு மூட்டையோடு ஒருவர் அரண்மனை வாசலில் நுழைந்தார். கூட்டத்தைக் கண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றார். அவர் காதில் விழுந்தது: “சாத்தனைக் கொடு. சாத்தனைக் கொடு.”

அவர் திகைத்துப்போய்ப் பக்கத்திலிருந்த அப்பளக்காரியைக் கேட்டார்: “யாருக்கும்மா கேக்கிறீங்க?”

“யாரோ சாத்தனாம் ஐயா. கடல்ல இருக்காராம். நாங்க பார்த்ததில்ல.”

“எத்தனை நாளா?”

“அது ஆச்சு, என் பேத்தி பொறக்கிறதுக்கு முன்னாலேருந்து.”

அவளுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆழியானுக்குக் குரல் தெரிந்துவிட்டது. திரும்பினான். “மச்சான்” என்றான். சாத்தன் குனியவில்லை. ‘மன்னா’ என்றும் சொல்லவில்லை. தரையில் யாரும் மூழ்குவதில்லை என்று சொன்ன அந்த வாயை ஒரு நிமிடம் கையால் பொத்திக்கொண்டான்.

அவர்கள் பேசத் தொடங்குமுன் அடுத்த பெயர் வந்துவிட்டது. யாரோ ஒருத்தியின் நோயாளிக் குழந்தை. சாத்தன் அந்தக் குழந்தையைப் பார்த்ததில்லை. ஆழியானுக்கும் அப்பளக்காரிக்கும் நடுவே இடம் பிடித்து நின்றுகொண்டு, கடற்கரையில் கத்துகிற மாதிரியே தொண்டையைத் திறந்து அந்தப் பெயரைச் சொன்னான்.

கேட்டவர்களே, கதை இத்துடன் கரையேறுகிறது; இது சொல்கிற நீதி ஒன்றுதான்: தனக்காக வாய் திறக்க முடியாத ஒருவனுக்காகப் பக்கத்தில் நிற்பவர்கள் பெயர் சொல்லிக் கேட்பதே வழிபாடு, அதற்காகவே மனிதர்கள் ஒன்று கூடுகிறார்கள்.